மூன்று உதவித்தொகையும் ஒரு கணவனும்

காலையில் பால் பொங்குவதற்குள் மருமகள் இரண்டு முறை பின்பக்கக் குழாயடிக்கு ஓடிவிட்டாள். மூன்றாவது முறை ஓடியபோது மாமியாரும் பின்னாலேயே போய் நின்றாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இதற்கெல்லாம் டாக்டர் தேவையில்லை. குனிந்து குமட்டிக்கொண்டிருந்தவளை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த டம்ளர் நழுவியது. டம்ளர் உருண்ட சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது என்றால், அடுத்து அவள் போட்ட சத்தம் எட்டு தெருவுக்குக் கேட்டது.

"அடிப்பாவி...! என் பையன் வீட்டை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு! இது எப்படிடி...?"

"அத்தை... கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாவா! வியாழக்கிழமையானா நான் ஆஸ்பத்திரிக்கு இடுப்புப் பயிற்சிக்குப் போற நேரமாப் பாத்து ஒரு கூரியர்காரன் வர்றானாமே! எதிர்வீட்டுக்காரி சொன்னப்ப அவளைத்தான் திட்டினேன். உள்ள வந்தும் ஹெல்மெட்டைக் கழட்டாதவன் என்னடி கூரியர்காரன்? ஒரு மணி நேரமா அப்படி என்ன பார்சல் குடுக்கறான்?"

பதில் மருமகளின் நாக்கு நுனியில் நின்றது. அதை அப்படியே விழுங்கினாள். விழுங்கி விழுங்கியே மூன்று வருடம் ஓட்டியவள்.

ஹெல்மெட்டுக்குள் இருந்தது யார் என்கிறீர்களா? வேறு யார், ஓடிப்போனதாகச் சொல்லப்பட்ட அதே புருஷன்தான்!

நடந்தது இதுதான். அவன் லாரி மெக்கானிக். அவன் வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடிய அதே மாதம், "இடுப்பு எலும்பை மாத்தலேன்னா உங்க அம்மா இனி எந்திரிக்க மாட்டாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடே இடிந்து உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றவன் கொழுந்தன். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்; ரேஷன் கார்டில் மட்டும் தனிக்குடித்தனம், சாப்பாடெல்லாம் அண்ணி கையில். தெருவில் அவனுக்குப் பெயரே 'சலுகை'. அரசாங்கம் ராத்திரி ஒரு திட்டம் அறிவித்தால், விடிவதற்குள் தன் குடும்பத்தில் யாரை அதற்குள் திணிக்கலாம் என்று கண்டுபிடித்துவிடுவான்.

"தனித்தனியா வாங்கினா அது டீச்செலவு அண்ணி. சேத்து வாங்கினாத்தான் சம்பளம்!" என்றான். "புருஷன் கைவிட்ட பொம்பளைக்கு ஒண்ணு. பையன் கைவிட்ட தாய்க்கு ஒண்ணு. ஆம்பளை வருமானம் இல்லாத வீட்டுக்கு வாடகை உதவி ஒண்ணு. அண்ணன் ஒருத்தர் ஓடிப்போனாப் போதும், மூணும் வந்துடும்!"

அண்ணன் ஓடினான். அதிக தூரமில்லை, பஸ்ஸில் மூன்று ஸ்டாப். அங்கே ஒரு ஷெட்டில் ஒதுங்கிக் கிடைத்த வேலையைப் பார்த்தான்.

அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. "அம்மாகிட்டச் சொன்னா ஆபீஸ்லயே போய்ச் சொன்ன மாதிரி" என்பது சலுகையின் கணக்கு. ஆகவே அந்தத் தாய் நிஜமாகவே அழுதாள். அவள் அழுத அழுகையில் முதல் வருட விசாரணைக்கு வந்த ஆபீசர் தன் கைக்குட்டை போதாமல் டிரைவருடையதையும் கடன் வாங்கினார்! ஆனால் பையன் ஓடினால் பழி யார் மேலாவது விழ வேண்டுமே? 'புருஷனைத் துரத்தினவ' என்ற பட்டம் மருமகளுக்கு. அந்தப் பணத்தில்தான் மாமியாருக்கு ஆபரேஷன் நடந்தது. புது இடுப்பில் விறுவிறுவென்று நடந்து வந்து, மாமியார் ஒரு நாளைக்கு நாலு தடவை அவளைத் திட்டிவிட்டுப் போனாள். 'நடக்கறாங்களே, அது போதும்' என்று இவள் பேசாமலிருந்தாள்.

இதில் கூத்து என்னவென்றால், கூடவே இருந்த பதினாலு வருஷமும் முகத்தைப் பேப்பருக்குள் வைத்துக்கொண்டு "உம்" கொட்டியவன், ஓடிப்போன பிறகு காதலனாகிவிட்டான்! வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை வெட்கப்பட்டுக்கொண்டே வந்தான். பதினாலு வருஷம் வராத பிள்ளையும் வந்துவிட்டது.

"சொல்லுடி! யாருடி அவன்?" என்று மாமியார் உலுக்கிக்கொண்டிருந்தபோது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சலுகை ஓடிவந்தான்.

"அண்ணி, கண்ணைக் கசக்குங்க! வருஷாந்திர விசாரணை! மேடம் வாசலுக்கே வந்துட்டாங்க!"

மேடம் உள்ளே வந்து உட்கார்ந்தார். புது ஆபீசர், சிரிக்காத முகம். பேனாவைத் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து ஏதாவது தகவல் வந்துதாம்மா?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "தகவலா? வயித்துல இருக்கு மேடம் தகவல்! முழுகாம இருக்கா!"

பேனா கீழே விழுந்தது. சலுகைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று உதவித்தொகையும் றெக்கை கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பறப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. சட்டென்று கையைக் கூப்பினான்.

"மேடம்... தனியா இருக்கற பொம்பளை... அண்ணி ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க. மன்னிச்சிடுங்க. தொகையை மட்டும் நிறுத்திடாதீங்க!"

மருமகள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வாய்க்கா மூன்று வேளை சோறு போட்டாள்...? இந்தச் சட்டையையா துவைத்து மடித்து வைத்தாள்...?

"தப்பா...?" அவள் நிமிர்ந்தாள். "எனக்கு என்ன பட்டம் வேணும்னாலும் குடுங்க, நான் வாங்கிக்கிட்டேன். இன்னும் பொறக்காத என் பிள்ளைக்குமா பட்டம் கட்டுவீங்க? மேடம், எழுதிக்கங்க. என் புருஷன் எங்கயும் ஓடல. இந்தப் பிள்ளை அவரோடது. எல்லாத்தையும் நிறுத்திடுங்க!"

"பொய்யி! என் பையன் இந்த ஊர்ல இருந்தா என்னைப் பாக்காம இருப்பானா?" மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மருமகள் விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். எதிர்ப்பக்கம் மரத்தடியில், இன்றைக்கு விசாரணை என்று தெரிந்து, ஒரு ஹெல்மெட் பைக்கில் உட்கார்ந்து நகம் கடிக்க முயன்றுகொண்டிருந்தது.

"என்னங்க...!"

மூன்று வருடமாகத் தெருவில் கேட்காத குரல். எட்டு ஜன்னல் ஒரே நேரத்தில் திறந்தது. ஹெல்மெட் திடுக்கிட்டுப் பார்த்தது. வாசலில் மனைவி; அவள் பின்னால் ஆபீசர். அவன் கால் தானாக பைக்கின் கிக்கருக்குப் போனது...

"இப்ப ஓடினீங்கன்னா," என்றாள் அவள், கண்ணில் நீர் வழிய, "அது நிஜமாவே ஓடினதுதாங்க."

கால் நின்றது. ஒரு நிமிடம். பிறகு இறங்கினான். தெருவைக் கடந்து வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றப் போனான், பட்டை சிக்கிக்கொண்டது! திருகினான், இழுத்தான், வரவில்லை. மாமியார் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் பிடித்து, பூசணிக்காயைக் கொடியிலிருந்து பிடுங்குகிற மாதிரி ஒரே பிடுங்கு!

உள்ளே இருந்தது அவள் பெற்ற மூஞ்சி.

பளார் என்று ஒரு அறை. அடுத்த நொடியே கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகை. "உயிரோட இருக்கியாடா... இந்த ஊர்லயே இருந்துக்கிட்டாடா என்னை அழவிட்டே...?"

"உன் இடுப்புக்காகத்தாம்மா..." அவனும் அழுதான். "நீ நடக்கற ஒவ்வொரு அடியும் இவ வாங்கின பழிம்மா. 'அத்தை நடக்கட்டும், நான் திட்டு வாங்கிக்கறேன்'னு சொன்னாம்மா. கோழை நான்தான். அம்மா கையைப் பிடிக்க பயந்துக்கிட்டு, தெருவுல நின்னு பாத்துட்டுப் போனேன்."

மாமியார் மெல்லத் திரும்பினாள். மருமகளைப் பார்த்தாள். பேச்சு வரவில்லை. அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சு வராமல் போனது அதுவே முதல் தடவை!

மேடம் தொண்டையைச் செருமினார். "வாங்கினதைத் திருப்பிக் கட்டித்தான் ஆகணும். மாசாமாசம் கொஞ்சமாப் பிடிச்சுக்கச் சொல்லி எழுதறேன். ஆனா, பெரியம்மாவுக்கு வயசுக்கான உதவித்தொகை உண்டு. இவங்களுக்குப் பிரசவ உதவி உண்டு. ரெண்டையும் சேத்தே வாங்கலாம். அதுக்கு யாரும் ஓட வேண்டியதில்ல."

"மேடம்," சலுகையின் கண் மின்னியது, "ஒருவேளை இரட்டைக் குழந்தைன்னா...?"

"நாக்கை அறுத்துடுவேன்!" என்றாள் மாமியார். "அண்ணி கால்ல விழுடா மொதல்ல!"

அவன் விழுந்தான். மருமகள் அவனைப் பார்க்கவுமில்லை, எழுப்பவுமில்லை. அது ஆற நாளாகும்.

மாமியார் அவள் கையை இறுகப் பிடித்தாள். "திட்டினதெல்லாம் தெருவுக்குக் கேக்கத் திட்டினேன். மன்னிப்பு மட்டும் மூலையில கேட்டா நியாயமாடி? வா!"

நடுத்தெருவில் போய் நின்றாள். எட்டு ஜன்னலும் கூட்டமாக இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்கடி! என் மருமக முழுகாம இருக்கா! அப்பன் என் பையன்தான்! அவ அவனைத் துரத்தல... அவதான் என்னை நடக்கவச்சா! இனிமே அவளை எவளாவது ஒரு சொல் சொன்னா, இந்த இடுப்போட வருவேன், எத்தனை மாடியானாலும் ஏறி வருவேன்!"

மருமகள் தெரு பார்க்க மாமியாரின் தோளில் முகம் புதைத்து, மூன்று வருடத்தையும் சேர்த்து அழுதாள்.