சுவரில் ஒட்டிய மூன்று மணிகள்

பாரதி சூளைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

பீங்கான் கிண்ணம் நன்றாகத்தான் வெந்திருந்தது. உள்ளே பன்னிரண்டு பீங்கான் உருண்டை மணிகளும் இருந்தன. ஆனால் மூன்று மணிகள் கிண்ணத்தின் சுவரோடு ஒட்டிக்கிடந்தன. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"நான்தான்க்கா அந்த மூணுக்கும் முழுசா கிளேஸ் பூசினேன். நல்லா பளபளக்கும்னு நெனச்சேன்" என்றாள் தங்கை அன்பரசி.

பளபளப்புக்காகப் பூசும் கிளேஸ் சூளையில் உருகும், தொட்டதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அடிப்பக்கத்தைத் துடைத்த பிறகுதான் எதையும் அடுக்க வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாமல் போகலாமா?

அப்பா சக்கரபாணியின் சூளையிலிருந்து ஒட்டிய சாமான் ஒன்றுகூட வெளியே போனதில்லை. அங்கேயே சுத்தியலால் உடைத்துவிடுவார். "சக்கரபாணி சூளையில ஒட்டிக்கிச்சுன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது" என்பார்.

பத்து மணிக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அதற்காக அவள் செய்த மாதிரியில், பன் மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டின் உட்கருதான் அந்தக் கிண்ணம். மணிகள் அதன் மரபணுக்கள். இன்னொன்று செய்ய நேரமில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அன்பரசி அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாராக்கா?"

"நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்."

அப்பா வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சுத்தியலை எடுத்தார்.

"யாரு பூசினது?"

"இது என்னோட மாதிரிப்பா. நான்தான் பாத்து அடுக்கியிருக்கணும்."

"தள்ளு."

பாரதி பயத்தில் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே ஒன்பது மணிகள் கலகலவென்று உருண்டன. ஒட்டிய மூன்றும் வாயைத் திறக்கவில்லை.

அவள் மறுபடி குலுக்கினாள்.

"அப்பா, கேளுங்க! எங்க அறிவியல் டீச்சர் பிரபா சொன்னது இதுதாம்ப்பா! ஈஸ்ட்டுல மரபணுவெல்லாம் நூல்ல கோத்த மாதிரி இருக்குது. நூலோட நுனி சுவத்துல ஒட்டிக்கும். அந்த நுனிகிட்ட இருக்கிற மரபணு பெரும்பாலும் வேலை செய்யாம அடங்கிக் கிடக்கும். அதையே நடுவுல வெச்சா வேலை செய்யும். அதே மணிதாம்ப்பா, இடம்தான் வேற!"

"அப்ப சுவத்துகிட்ட போனதெல்லாம் தூங்கிடுமா?"

"இல்லப்பா. சுவத்துல வாசல் இருக்குது. அங்க போற சில மரபணு இன்னும் சுறுசுறுப்பாயிடும்."

"அக்கா மாதிரியே! வாசல்ல நின்னா வாயே மூடாது" என்றாள் அன்பரசி, தன்னை மறந்து.

அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. ஆனால் சுத்தியல் இன்னும் கையிலேயே இருந்தது.

"ஒட்டினது ஒட்டினதுதானே. ஊரு பாக்குமே?"

"கேட்டா உள்ளதச் சொல்லிடுவேம்ப்பா."

அவர் கிண்ணத்தை வாங்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார்.

கண்காட்சியில் பாரதி கிண்ணத்தை மேசையில் வைத்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா பின்னால் நின்றார். பக்கத்துச் சூளைக்காரர் ராஜமாணிக்கம் வந்து கிண்ணத்தைக் குலுக்கினார். ஒட்டிய மணிகளை விரலால் தடவிச் சிரித்தார்.

"என்ன சக்கரபாணி, உங்க சூளையிலயா ஒட்டிக்கிச்சு?"

அன்பரசி மேசைக்கு அடியில் ஒளிந்தாள்.

அப்பா முதுகை நிமிர்த்தினார்.

"ஆமாங்க, எங்க சூளைதான். அந்த மூணும் ஏன் பேசலன்னு எம் பொண்ணு சொல்லுவா. நின்னு கேட்டுட்டுப் போங்க."