ஐவி லோரனுக்காக அழுதவள்

"இவங்க யாரு… உங்களுக்குச் சொந்தமா?"

கேட்டவன் சிரிக்கவில்லை. அதுதான் சாலிஹாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தனுஷ்கோடித் துறையில் ஐப்பசி மழை. தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் ஆட்களை இறக்கிவிட்டு, அலையில் ஆடிக்கொண்டு நின்றது. தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம், வருகிற சாமான்களைச் சோதிக்கும் குமாஸ்தா மஹ்மூது. இந்தப் பக்கம் சாலிஹாவும் அவள் வாப்பா சீனி முகம்மதுவும். கொழும்பில் இருபது வருஷமாகத் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். இனிமேல் அங்கே தங்க பெர்மிட் இல்லை என்றானதும் கடையைக் கைமாற்றிவிட்டு, தாயில்லாத ஒரே மகளோடு சொந்த ஊரான பாம்பனுக்கே திரும்பிக்கொண்டிருந்தார்.

திறந்து கிடந்த டிரங்குப் பெட்டியில், மடித்த சேலைகளுக்கு மேலே ஒரு தடித்த நோட்டு. அதைத்தான் மஹ்மூது புரட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வெள்ளைக்காரியின் படங்கள்… பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியவை.

"சொந்தந்தான். பெரியம்மா மக. ஹாலிவுட்டுல கட்டிக் குடுத்திருக்கு," என்றாள் வெடுக்கென்று.

"அப்படியா? சாயலே இல்லையே…"

"நீங்க பெட்டியைச் சோதிக்கிறீங்களா, சாயலைச் சோதிக்கிறீங்களா?"

அப்போதுதான் அவன் தலையை நிமிர்த்தினான்.

நனைந்த வெள்ளைத் துப்பட்டிக்குள் ஒரு முகம். அந்த முகத்தில் வேறு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை, கண்கள் மட்டும்தான். கோபத்தில் அகன்ற கண்கள்… இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. அது விழும்வரை அவன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். அவளும் ஏனோ பார்வையை எடுக்கவில்லை.

'என்ன மனுஷன் இவன்… கண்ணைக் கூடச் சிமிட்டாமல்…'

"புள்ள, ரயிலு ஊதிருச்சு!" வாப்பா அவசரப்படுத்தினார். சோதனை முடிந்ததற்கு அடையாளமாக மஹ்மூது சட்டென்று சாக்கட்டியால் பெட்டியின் மேல் ஒரு கோடு போட்டான். கூலியாள் பெட்டியைத் தலைக்கு ஏற்றினான். ஒரு காற்று வந்து கூரையையே தூக்கிவிடும்போல உலுக்கியது. மழைக்குள் மூன்று பேரும் ஓடி மறைந்தார்கள்.

மேசையைத் துடைக்க வந்தபோதுதான் மஹ்மூது பார்த்தான். நோட்டு அங்கேயே கிடந்தது… பாதி நனைந்து.

*

படிக்க வேண்டும் என்று அவன் அதைத் திறக்கவில்லை. அல்லாவுக்குத் தெரியும். நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தான். பிரித்தால் கண்ணில் படாமல் இருக்குமா?

படங்களுக்குக் கீழே இங்கிலீஷ் செய்திகள். ஓரத்தில் நீல மையில், சின்னச் சின்னதாகத் தமிழ் எழுத்து. அது சாலிஹாவின் கை.

நடிகையின் பெயர் ஐவி லோரன். அது அவளுக்கு சினிமாக் கம்பெனி வைத்த பெயர். பெற்றவள் வைத்த பெயர் எட்னா. நிலக்கரிச் சுரங்க ஊரில், ஊரார் துணி வெளுத்துப் பிழைத்த ஒருத்தியின் மகள். பதினேழு வயதில் ஒரு பெரிய கடையில் கையுறை விற்றுக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆள் ஒருவன் கையுறை வாங்க வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கன்னம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். முடியின் நிறத்தை மாற்றினார்கள். பாட்டு வந்தால் வேறொருத்தியின் குரலைப் போட்டார்கள். தாய் இறந்துவிட்டாள், இவள் அநாதை என்று பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தாயோ அதே ஊரில் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள்… பல வருஷம் கழித்து ஒரு நிருபர் போய்க் கண்டுபிடித்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.

அந்தச் செய்தியின் ஓரத்தில் சாலிஹா எழுதியிருந்தாள்: 'உம்மா உயிரோடு இருக்கையில் மௌத்து என்று சொல்லச் சம்மதித்தாளே… அன்றைக்கு எப்படிச் சாப்பிட்டிருப்பாள்?'

மஹ்மூது அந்த வரியிலேயே நின்றுவிட்டான்.

ஐவி லோரன் மூன்று முறை கல்யாணம் செய்துகொண்டாள். மூன்றும் உடைந்தன. மூன்றாம் கல்யாணப் படத்துக்கு அருகில், 'மூன்று பேரும் படத்தைக் கட்டிக்கொண்டார்கள். இவளை ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை' என்று இருந்தது. ஊரே திரண்டு கைதட்டுகிற ஒரு விழாப் படத்துக்கு அருகில், 'சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. செருப்பு கடிக்கிறது போல' என்று இருந்தது. அதைப் படித்து அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு அவளுக்குப் படங்கள் குறைந்தன. தூங்க ஒரு மாத்திரை, விழிக்க ஒரு மாத்திரை என்று ஒரு செய்தி. கம்பெனி அவளை நீக்கியதாக இன்னொன்று. அதோடு நோட்டு நின்றுபோயிருந்தது.

பத்து நாளாகச் சாயங்காலம் வேலை முடிந்ததும் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தான். உலகத்தின் இன்னொரு கோடியில் இருக்கிற ஒருத்திக்காக இப்படி வருத்தப்படுகிற மனசு… அது எப்படிப்பட்ட மனசு?

கடைசியில் ஒரு காரியம் செய்தான். 'எப்படிச் சாப்பிட்டிருப்பாள்?' என்ற வரிக்குக் கீழே, பென்சிலால் மெல்ல எழுதினான்:

'சாப்பிட்டிருக்க மாட்டாள்.'

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், துறைப் பதிவேட்டில் இருந்த பெயரை வைத்துப் பாம்பனில் வீடு விசாரித்துப் போனான். சீனி முகம்மது முகம் மலர்ந்து வரவேற்றார்.

"இம்புட்டுத் தூரம் இதுக்காகவா வந்தீங்க தம்பி? தபால்ல போட்டிருக்கலாமுல… உக்காருங்க, தேயிலை குடிங்க."

உள்ளறைக் கதவுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்.

"நோட்டு நனையலையே?" திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் நனைஞ்சுச்சு… காயவச்சுட்டேன். ஒங்க பெரியம்மா மகளுக்குச் சேதாரம் எதுவும் இல்ல."

திரைக்குப் பின்னால் சிரிப்பை அடக்குகிற சத்தம். அத்தோடு அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சிரிப்புக் கேட்ட தைரியத்தில் சொல்லிவிட்டான்.

"செருப்புத்தான் பாவம் அவங்களைக் கடிச்சிருச்சு…"

சிரிப்பு நின்றது.

"படிச்சீங்களா?"

"அது… காயவைக்கையில…"

"நான் எனக்குன்னு எழுதுனது அது. எங்க வாப்பாகூடப் படிச்சதில்ல. திருப்பிக் குடுக்க வந்தீங்களா, இல்ல படிச்சதை ஒப்பிச்சுக் காமிக்க வந்தீங்களா?"

"சாலிஹா!" வாப்பா அதட்டினார்.

மஹ்மூது எழுந்துவிட்டான். "தப்புத்தான். மன்னிச்சிருங்க. போறேன்," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் சாலிஹா நோட்டைத் திறந்தாள். ஒவ்வொரு தாளும் சுருக்கம் எடுக்கப்பட்டு… உரிந்த படங்கள் மறுபடி பசை போட்டு ஒட்டப்பட்டு… அப்புறம் அந்தப் பென்சில் வரி.

கோபத்தோடு ரப்பரை எடுத்தாள். வைத்து அழுத்தினாள். தேய்க்கக் கை வரவில்லை.

'சாப்பிட்டிருக்க மாட்டாள்…'

இத்தனை வருஷத்தில் அவள் எழுதிய ஒரு வரிக்கு முதல்முதலாக ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். 'நான் ஏன் அப்படிக் கத்தினேன்…' என்று நினைத்தாள். ஆனால் நினைத்து என்ன செய்ய? மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போடவா முடியும்? வரட்டும், தானாக வந்தால் பார்க்கலாம் என்று வீம்பாக இருந்தாள்.

அவன் வரவில்லை. அவனுக்கும் வீம்பு இருந்தது… அதைவிட வெட்கம் நிறைய இருந்தது.

அதற்குள் கீழக்கரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அவள் போட்டோவில் ஒன்று மிச்சம் இருந்தது. யாரோ உறவுக்காரர் வாங்கிப் போய்க் காட்டினார்.

"போட்டோவைப் பாத்ததுமே மாப்பிள்ளை சம்மதம் சொல்லிட்டாராம்மா!" வாப்பாவின் குரலில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. "பெரிய எடம். கடையைக் குடுத்துட்டு வந்த நமக்கு இப்படி ஒரு எடம் வாய்க்குமா? புதன்கிழமை போயி வார்த்தை குடுத்துட்டு வந்துருவோம். பொம்பளைக ஒன்னையும் பாக்கணுங்கிறாக."

போட்டோவைப் பார்த்ததும்…

சாலிஹா ஒன்றும் பேசவில்லை. வாப்பா அந்த மௌனத்தை நாணம் என்று எடுத்துக்கொண்டார்.

*

புதன்கிழமை பாம்பன் ஸ்டேஷனில் காற்று ஆளைத் தள்ளியது. தூறல் பக்கவாட்டில் வந்து அடித்தது. தனுஷ்கோடியிலிருந்து வந்த ரயில் மேடையில் நின்று பெருமூச்சு விட்டது. ராமநாதபுரம் போய், அங்கிருந்து கீழக்கரைக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

"காத்து அடங்குனாத்தான் பாலத்துல வண்டியை விடுவாகளாம். எம்புட்டு நேரமாகும்னு ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டுட்டு வாரேன். இங்கனயே நில்லும்மா," என்று வாப்பா போனார்.

அவர் போன திசைக்கு எதிர்த் திசையில், ரயிலிலிருந்து மஹ்மூது இறங்கினான்.

அவன் அவளைத் தேடித்தான் வந்திருந்தான். ஆனால் அவளை மேடையிலேயே பார்ப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. சட்டைக்குள் எதையோ மழை படாமல் வைத்திருந்தான். இரண்டு எட்டு எடுத்து வைத்தான்… நின்றான்.

"திட்டுறதா இருந்தா பொறவு திட்டுங்க. ஒரு சேதி சொல்லத்தான் ஒங்க வீட்டுக்குக் கெளம்பி வந்தேன். கடலைப் பொட்டலம் மடிச்ச காயிதத்துல என்னைக்காவது நீங்களா பாத்துறக் கூடாதேன்னு…"

அவளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"ஐவியா?"

தலையசைத்தான். கப்பலில் வந்தவர் விட்டுப்போன கொழும்புப் பத்திரிகையை எடுத்து நீட்டினான். ஏழாம் பக்கத்தில் நாலே விரற்கடை அளவு செய்தி. ஒரு சின்ன ஓட்டல் அறை… முப்பத்தெட்டு வயது… தூக்க மாத்திரை. ஆஸ்பத்திரியில் முதலில் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

சாலிஹா அழுதாள். மேடையில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற நினைப்பே இல்லாமல், துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டு, பார்த்தே இராத ஒருத்திக்காக விம்மி விம்மி அழுதாள். அவன் 'இதுக்குப் போயா' என்று சொல்லவில்லை. காற்று அவள் மேல் அடிக்காதபடி கொஞ்சம் தள்ளி வந்து நின்றுகொண்டான்.

"கடைசி வரியையும் படிங்க," என்றான் மெதுவாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மூன்று நாள் கழித்து ஒரு கிழவி ரயிலேறி வந்தாளாம். கம்பெனி வைத்த பெயரை எழுதியிருந்த சீட்டை மாற்றச் சொல்லி, 'இவள் என் மகள் எட்னா' என்று எழுதவைத்து உடலை வாங்கிக்கொண்டு போனாளாம்.

சாலிஹா பத்திரிகையை நனையாமல் மடித்துத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏன் பென்சில்ல எழுதுனீங்க?" திடீரென்று கேட்டாள்.

"பேனாவுல எழுதத் தைரியம் வரல. புடிக்கலைன்னா அழிச்சுக்கிருவீங்கன்னு…"

"அழிக்கல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அழுது சிவந்த அந்தக் கண்கள் இப்போது கோபமாக இல்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "அன்னைக்கு மழையில ஒங்க கண்ணைப் பாத்துத் தடுமாறுனேன். இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அது ரெண்டு நாள்ல போயிருக்கும். நோட்டைப் படிச்ச பொறவு போகல… போகவே மாட்டேங்குது. நான் சாதாரண குமாஸ்தா. கேக்குறதுக்கு எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல. ஒங்களுக்குச் சம்மதமான்னு மட்டும்… கேக்குறேன்."

கேக்குறேன்… அந்த ஒரு சொல் அவளுக்குள் எங்கோ போய் இறங்கியது.

"நாங்க இப்பக் கீழக்கரைக்கு வார்த்தை குடுக்கப் போறோம்," என்றாள்.

"அப்படியா… அல்லா நல்லா வைக்கட்டும்," என்று சொல்லித் திரும்பினான்.

"நில்லுங்க."

வாப்பா வந்துகொண்டிருந்தார். மகளின் அழுத முகத்தையும், எதிரில் நிற்கிறவனையும் பார்த்து நடையை எட்டிப் போட்டார்.

"என்னம்மா? என்ன தம்பி இது?"

"வாப்பா… எனக்குக் கீழக்கரை வேணாம்."

சீனி முகம்மது திகைத்துப்போனார். "இம்புட்டு நாளாச் சொல்லாம, ரயிலடியில வந்து சொல்றியே புள்ள…"

"யாரும் கேக்கல வாப்பா."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது நெஞ்சில் அறைந்ததுபோல இருந்தது. தாயில்லாத பிள்ளை. கடை போனது, ஊர் மாறியது, சம்பந்தம் வந்தது… ஒன்றிலாவது அவளை ஒரு வார்த்தை கேட்டோமா? தொப்பியைக் கழற்றினார். அதில் இருந்த ஈரத்தை உதறினார். மறுபடி வைத்துக்கொண்டார்.

"இப்பக் கேக்குறேன்," என்றார். "சொல்லும்மா."

சாலிஹா தரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"இவுககிட்டன்னா… எனக்குப் பேச வருது வாப்பா."

சீனி முகம்மது மஹ்மூதை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, ஒங்க வீட்டுல பெரியவுக யாரு?"

"லாத்தாதான்… எனக்கு மூத்த பொறப்பு. ராமநாதபுரத்துல இருக்காக."

அவர் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தார். "ராமநாதபுரத்துக்குத்தான் எடுத்திருக்கு. எறங்கி பஸ் ஏற வேணாம். ஒங்க லாத்தா வீட்டைக் காமிங்க… கீழக்கரைக்கு நான் காயிதம் போட்டுக்கிறேன்."

காற்று அடங்கியதும் ரயில் நகர்ந்தது. பாலத்தின் மேல் ஏறியபோது இருபக்கமும் கடல், மழை கழுவிய பச்சையில். வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரோ, தூங்குவதுபோல இருந்தாரோ… எதிர் இருக்கையில் மஹ்மூது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேளுங்க," என்றாள் சாலிஹா, சக்கரச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு.

"என்ன?"

"அன்னைக்குத் தடுமாறுனேன்னு சொன்னீங்கள்ல…"

"ஆமா…"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நானுந்தான்."