பிரபாகரன் சட்டை

வியாழக்கிழமை, காலை மணி 10.10. போலீஸ் ஸ்டேஷன்.

“பிரபாகரன் சட்டையை என்கிட்டக் குடுங்க.”

வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா கருப்பம்மாள் மூன்று நாளாகத் தலையில் அடித்துச் சொல்லியிருந்தாள். இன்று காலையும் பட்டாசு ஆபீஸ் வேன் ஏறுமுன், வழக்கம்போல மாராப்பு ஊக்கையும் ஹேர்பின்னையும் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிக்கொண்டே, “சட்டை கிட்டைன்னு போயி நிக்காத. நாளைக்கு அச்சங்குளத்துக்காரங்க உன்னப் பாக்க வாராக” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

செத்துப்போன இளவட்டத்தின் சட்டையைக் கல்யாணமாகாத பெண் கேட்டால் ஊர் அடுத்து என்ன கேட்கும் என்று பாண்டிச்செல்விக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வந்திருந்தாள். எஸ்.ஐ. வெள்ளைத்துரை காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை.

“நீ அவனுக்கு என்ன வேணும்?” என்றார் அவர்.

“ஒரே கம்பெனி.”

“அந்தக் கம்பெனியில நாப்பது பேரு. ஒருத்தனும் சட்டை கேட்டு வரலையே.”

“அவங்களுக்குக் கேக்கத் தோணல. குடுக்க முடியாட்டிக் காட்டுங்க சார்.”

சாத்தூர் ரோட்டில் இருக்கிறது அந்தக் கம்பெனி. நல்லசிவம் அண்ணாச்சிக்குச் சொந்தம். பாறையில் குழி போடுகிற துளைக்கம்பி அங்கே தயாராகிறது. துளையிட்ட எஃகுக் கட்டைக்குள் வேறு ரக எஃகில் ஓர் உள்கம்பியைச் சொருகி, பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டுவார்கள். கட்டை நீள நீள உள்கம்பியும் கூடவே நீளும். ஆறியபின் அதை இழுத்து உருவினால், ஆறு பட்டைக் கம்பியின் நடுவே தலையிலிருந்து கால்வரை பென்சில் பருமனில் ஒரு துளை மிஞ்சும். குவாரியில் பாறையைக் குடையும்போது அந்தத் துளை வழியாகக் காற்று போய்க் கல்தூளை வெளியே தள்ளும்.

ஒவ்வொரு கம்பியையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துக் கண் வைத்துப் பார்ப்பது பாண்டிச்செல்வியின் வேலை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். துளையில் வெளிச்சம் தெரிந்தால் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு போட்ட கம்பி பிரபாகரனின் உலைக்குப் போகும். அவன் ஒரு முனையைக் காய்ச்சிக் கழுத்து வளையம் அடிப்பான். சில நாள் அவள் கண் வைத்த கம்பியின் மறுமுனையில் வெளிச்சத்துக்குப் பதில் ஒரு கண் தெரியும். ஒன்றரை மீட்டர் இருட்டுக்கு அந்தப் பக்கம், சிமிட்டாமல். இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டதைவிட அப்படிப் பார்த்துக்கொண்டதுதான் அதிகம். “உன் கோடு இருந்தா நான் துளையப் பாக்கவே மாட்டேன். நம்பி நெருப்புல வச்சிருவேன்” என்பான்.

திங்கள் காலை 8.40-க்கு அப்படித்தான் ஒரு கம்பியை வைத்தான். டப்பென்று ஒரே ஒரு சத்தம். மறுமுனையைப் பிடித்து நின்ற அவன் நெஞ்சில் ஒரு ஓட்டை. விருதுநகர் ஆஸ்பத்திரி போகுமுன் உயிர் போய்விட்டது.

சட்டைப் பையில் வெடிமருந்துப் பொட்டலம் இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் வேட்டு செய்யப்போய்த் தானே செத்தான் என்று போலீஸில் எழுதினார்கள். மருந்து ஏது? அவன் அம்மா சுப்புத்தாய் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை பார்ப்பவள். அவள்தான் திருடிக் கொடுத்திருப்பாள் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். நாளைக் காலை அவள் ஸ்டேஷனுக்கு வரவேண்டும். வந்தால் ரிமாண்டு.

வெள்ளைத்துரை காகித உறையைப் பிரித்துச் சட்டையை மேசையில் விரித்தார். நீலக் கட்டம். இடது நெஞ்சில், பைக்கு ஒரு விரற்கடை மேலே, சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. பக்கத்தில் பொட்டலத்தை வைத்தார். பழைய காலண்டர் தாளை நாலாக மடித்து, வாயில் ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது.

சட்டையில் இன்னும் உலை வாடை அடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இல்லாவிட்டால் அதை எடுத்து மூக்கில் வைத்துவிடுவாள்.

“எல்லாப் பட்டனும் வெள்ளை. ரெண்டாவது மட்டும் ஊதா” என்றார் வெள்ளைத்துரை. “உன் சுடிதார்க் கையில ஊதாப் பட்டன் ஒண்ணு கொறையுது.”

“ஆமா. நாந்தான் தச்சேன்.”

“இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சட்டையக் காட்டியிருக்க மாட்டீக. ‘சோலியப் பாத்துட்டுப் போ’ன்னிருப்பீக. இந்தப் பையப் பாருங்க சார். வெடிச்சதுல எத்தன பொறி விழுந்து தொளைச்சிருக்கு?”

“அஞ்சு.”

“உள்ள இருந்த காகிதத்துல?”

அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

“பொறி துணியோட நின்னு போச்சாக்கும்” என்றாள். “மருந்துக்கு மரியாத குடுத்து.”

வெள்ளைத்துரை பின்னைக் கழற்றாமலே, ஓரமாகப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பொடி வெள்ளியாக மினுங்கியது.

“டாக்டர் காயத்துல என்ன பொடின்னு எழுதியிருக்காரு?”

“கருப்பு.” அவர் குரல் மெல்ல இறங்கியது. “கருமருந்து மாதிரின்னு.”

“பட்டாசு மருந்து வெள்ளி. குவாரி மருந்து கருப்பு. இந்த ஓட்டை ஓரத்துல வெள்ளையா காஞ்சு ஒட்டியிருக்கே, அதுல ஒரு துளி சொரண்டிக்கிடவா? கக்கூஸ் கழுவுற ஆசிட் இருக்கா?”

ஏட்டு முனியசாமி முகம் சுளித்துக்கொண்டே பாட்டிலைக் கொண்டுவந்தார். கண்ணாடி டம்ளரில் வெள்ளைத் துணுக்கைப் போட்டு ஒரு சொட்டு விட்டாள். புசுபுசுவென்று நுரைத்தது.

“சுண்ணாம்புக்கல். எங்க கம்பெனி எஃகுக் கம்பெனி சார். அங்க இது ஏது?”

மதியம் 12.30. கம்பெனி.

பின்வாசலில், உருவிய உள்கம்பிகள் குவிந்து கிடந்தன. மாதக் கடைசியில்தான் பழைய இரும்புக்குப் போகும். வெள்ளைத்துரையும் முனியசாமியும் பார்த்து நிற்க, பாண்டிச்செல்வி குத்தவைத்து எண்ணினாள். பிறகு உலைக்குப் போகக் காத்திருந்த கம்பிகளையும் உலை முடித்தவற்றையும் எண்ணினாள். ஃபோர்மேன் பாலகுரு பக்கத்தில் நின்றார். சின்ன வயதில் பட்டாசு ஆபீஸில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர்.

“அண்ணே, இந்த மாசம் லோடு ஏதும் வெளிய போச்சா?”

“இல்ல. ஆர்டர் முடிஞ்சாத்தான போகும்.”

“கம்பி எரநூத்து அறுவது. உள்கம்பி எரநூத்துப் பன்னெண்டு. பிள்ளைக்கு ஒரு தொப்புள்கொடி இல்லையா? இங்கன தாயில்லாப் பிள்ளை நாப்பத்தெட்டு கெடக்கு.”

பாலகுரு தரையைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை யாரு கேட்டத் திறந்தது?”

“சின்ன மொதலாளி.”

“எங்க லீவுல என் சாக்பீஸுக்கு என்ன வேலை? திங்கக்கிழமை நான் வாரதுக்குள்ள கோடு போட்ட கம்பி உலைக்கிட்ட இருந்துச்சு. அவன் நான் போட்டதுன்னு நெனச்சான்.”

உலைக்கருகே கோடு போட்டுக் கிடந்த கம்பிகளில் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கண் வைத்தாள். வெளிச்சம் இல்லை. கண்ணும் இல்லை. ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தாள்.

“பீடிய அணைங்க சார்” என்றாள் வெள்ளைத்துரையிடம். கம்பியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மெல்லிய மூங்கில் குச்சியை உள்ளே விட்டுத் தள்ளினாள். முதலில் வெள்ளைச் சேறு வந்தது. பிறகு கருப்புச் சேறு. பிறகு மறுபடி வெள்ளை.

வெள்ளைத்துரை பீடியை மட்டுமல்ல, பையிலிருந்த தீப்பெட்டியையும் எடுத்து முனியசாமியிடம் கொடுத்து வெளியே அனுப்பினார்.

“அண்ணே, சட்டை யாரு யாரு கைக்குப் போச்சு?”

“நாந்தான் கழத்துனேன், காயத்துல துணி வச்சுக் கட்ட. ஆபீஸ் ரூம்ல வச்சேன். அப்ப சின்ன மொதலாளி இருந்தாரு. அண்ணாச்சி பத்தரைக்குச் சிவகாசியிலருந்து வந்தாக. எஸ்.ஐ. சார் பதினொண்ணு.”

“கழத்தும்போது பையில கனம் இருந்துச்சா?”

“ரத்தத்தப் பாப்பேனா, பையப் பாப்பேனா தாயி?”

மாலை மணி 3.00. ஆபீஸ் அறை.

நல்லசிவம் அண்ணாச்சி பதினோரு வயதில் பட்டாசு ஆபீஸில் மருந்து சலித்தவர். இடது புருவம் அன்று கருகியது, பிறகு முளைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் மகன், சின்ன முதலாளி ஹரிஷ்குமார். ஆறாம் வகுப்பிலிருந்து சென்னை ஹாஸ்டல், பிறகு எம்.பி.ஏ. ‘என் பிள்ளை மருந்து வாடையே பிடிக்கக் கூடாது’ என்று அண்ணாச்சி நேர்ந்துகொண்டதுபோல வளர்த்த பிள்ளை. பாலகுரு கதவோரம் நின்றார்.

“சொல்லு தாயி” என்றார் அண்ணாச்சி. “எஸ்.ஐ. வரைக்கும் போயிருக்க. என்னமோ இருக்கு.”

“அண்ணாச்சி, பிரபாகரனக் கொன்னது புதுக்கம்பி இல்ல. எங்கயோ ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில தேஞ்ச பழைய கம்பி. அங்கன குழியில மருந்து கெட்டிக்க மரக்குச்சி எடுக்கணும். எவனோ சோம்பேறி கையிலருந்த துளைக்கம்பியாலயே குத்தியிருக்கான். கல்லுச்சேறும் மருந்தும் துளைக்குள்ள மாறி மாறி ஏறி, காஞ்சு, கல்லாயிருச்சு. வெளிப்பட்டையத் தேச்சுப் புதுசாக்குனவுக துளைக்குள்ள பாக்கல. உலையில வச்சதும் மருந்து பத்துச்சு. சுண்ணாம்புக் கட்டி துப்பாக்கி ரவையாட்டம் இந்தப் பக்கம் வந்துச்சு. இந்தப் பக்கம் அவன் நின்னான்.”

அண்ணாச்சி மகனைப் பார்த்தார். மகன் மேசையைப் பார்த்தான்.

“பழைய கம்பி விசயம் வெளிய வரக்கூடாதுன்னு ஒருத்தர் பொட்டலம் வச்சாரு. சட்டை மூணு பேர் கைக்கு எட்டுச்சு. பாலகுரு அண்ணன், நீங்க, சின்ன மொதலாளி.” பொட்டலத் தாளை எஸ்.ஐ.யிடமிருந்து வாங்கி அண்ணாச்சி முன்னால் வைத்தாள். அந்தப் பின் அதில் குத்தியபடியே இருந்தது. “இத மட்டும் பாருங்க.”

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டினார். பார்த்தார். தாளைத் தொடப்போன கை நின்றது.

“ஏலே” என்றார் மெதுவாக. யாரைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. “மருந்துப் பொட்டலத்துல பின் அடிச்சிருக்கு.”

“பின் அடிச்சா என்னப்பா?” என்றான் ஹரிஷ்குமார். “பிரிஞ்சு கொட்டிராம இருக்கத்தான?”

ஃபேன் சுற்றியது. பாலகுரு, விரல் இல்லாத கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, மடக்க முடியாமல் மடக்கினார்.

“இந்தக் கேள்வியத்தான் சார் காலையிலருந்து தேடுறேன்” என்றாள் பாண்டிச்செல்வி. “எங்கம்மா கொண்டையில ஊசியோட மருந்து ரூமுக்குள்ள போனதில்ல. சுப்புத்தாயம்மா சேலையில ஒரு ஊக்கு இருந்ததில்ல. மருந்துக்கும் இரும்புக்கும் ஆகாது, உரசுனாப் போச்சு. அவுக குடுத்த பொட்டலம்னா நூலு சுத்தியிருக்கும். பிரபாகரனும் அந்த வீட்டுப் பிள்ளை. பாலகுரு அண்ணனுக்கு விரல் போயித் தெரியும். உங்களுக்குப் புருவம் போயித் தெரியும், அண்ணாச்சி. தெரியாத ஒரே ஆளு, நீங்க தெரியாம வளத்த ஆளு.”

“சென்னையிலருந்து வந்த ஆர்டர்ப்பா” என்றான் ஹரிஷ்குமார். குரல் கம்மியது. “நாள் பத்தல, பழைய கம்பிய வாங்கித் தேச்சேன். அப்புறம் கிஃப்ட் பாக்ஸ்ல இருந்த வெடியப் பிரிச்சு… கம்பெனி பேர் போயிரும்னு பயந்துட்டேன். அவனைக் கொல்லணும்னு சத்தியமா நெனைக்கல.”

“தெரியும். தெரியாமத்தான் கொன்னீக. பொட்டலம் தெரிஞ்சு வச்சது. அதுக்கு அவன் ஆத்தா உள்ள போறதும் தெரிஞ்சுதான்.”

வெள்ளைத்துரை எழுந்தார். “தம்பி, வாங்க.”

அண்ணாச்சி தடுக்கவில்லை. மகன் அவரைக் கடந்து போகும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துவிடக் கையைத் தூக்கினார், பாதியில் இறக்கிக்கொண்டார்.

மணி 4.40. அதே அறை.

முனியசாமி ஏட்டு அவள் வாக்குமூலத்தை எழுதி முடித்துத் தாளைத் திருப்பினார். பெயர், வயது, படிப்பு எல்லாம் நிரம்பியிருந்தன. ‘இறந்தவருக்கு உறவு’ என்ற இடம் மட்டும் காலி.

“ஒண்ணும் இல்லன்னு எழுது தாயி” என்றார் அண்ணாச்சி. மிரட்டல் இல்லை, களைப்புதான். “கேஸ் நிக்கும். அதுக்கு நீ சொன்னதே போதும். நாளைக்கு உன்னப் பாக்க வாராகன்னு உங்கம்மா சொல்லிச்சு. கோர்ட்டுல வக்கீல் இதத்தான் பிடிச்சு இழுப்பான்.”

“சட்டை?” என்றாள், ஹரிஷ்குமாரை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பியிருந்த வெள்ளைத்துரையிடம்.

“கேஸ் முடியணும். வருசக்கணக்காகும். அப்புறம் உறவுக்காரங்களுக்குத்தான் குடுப்பாங்க.”

“சுப்புத்தாயம்மா?”

“நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லியனுப்புறேன்.”

“நீங்க அனுப்ப வேண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்.”

பேனாவை வாங்கினாள். காலியிடத்தில், இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொள்ள, எழுதினாள்: கட்டிக்கொள்ள இருந்தவள்.

சுடிதார்ப் பையிலிருந்த மஞ்சள் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. உலைக் கொட்டகையைத் தாண்டும்போது, சாய்த்து வைத்த கம்பிகள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றன. அவற்றில் சில அவள் பார்த்து அனுப்பியவை. நடையைத் தளர்த்தவில்லை.

வீட்டுக்குப் போக விருதுநகர் பஸ்ஸுக்குக் கம்பெனி வாசலிலேயே நிற்கலாம். ஏழாயிரம்பண்ணைக்கு, சுப்புத்தாயிடம் போக, எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். லாரி ஒன்று போகட்டும் என்று நின்றாள். போனதும் ரோட்டைக் கடந்தாள்.