கெம்பம்மா தலையில் விழுந்த கம்பம்

"என்னங்க... இன்னிக்கு மட்டும் புதுக் கார ஓட்டத் தெரிஞ்சவங்க யாரையாச்சும் பக்கத்துல உக்கார வச்சு எடுங்களேன்..."

கெம்பம்மா சொன்னது இவ்வளவுதான். விடியற்காலை ஐந்து மணி. பட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்த முனேகவுடர் சடாரென்று திரும்பினார்.

"முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டுனவன்டி நான்! எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா?"

"டிராக்டரு வேறங்க, இது வேற..."

"நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப வாய வைக்கிறா பாரு!" உள்ளேயிருந்து கவுடரின் அக்கா சவுடம்மா குரல் கொடுத்தாள். "பூ வண்டி ஓட்டுறவளுக்குப் பொறாமை தம்பி, பொறாமை! நீ போ. நான் குளிச்சிட்டுப் பின்னாடியே வரேன்."

கொண்டேனஹள்ளியில் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்துப் பணம் பார்த்தவர்கள் ஆளுக்கொரு மாதிரிக் கிறுக்குப் பிடித்து அலைந்தார்கள். ஒருவர் மூன்று மாடி கட்டி லிஃப்ட் வைத்தார், மின்சாரம்தான் வரவில்லை. கவுடர் இத்தாலிக்கார் வாங்கினார். மஞ்சள் நிறம், முழங்கால் உயரம், உள்ளே இறங்குவது கிணற்றில் இறங்குவது மாதிரி. ஷோரூம்காரன் முதல் நாள் சாயங்காலம் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஒரு மணி நேரம் சொல்லித் தரேன் சார்" என்று கெஞ்சினான். "போப்பா போ" என்று அனுப்பிவிட்டார்.

ஐந்தரைக்கு முகூர்த்தம். ஆஞ்சநேயர் கோயில் வாசலில் பூசாரி பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, மங்களாரத்தித் தட்டு எடுக்க உள்ளே போனார். கவுடர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நின்றது கெம்பம்மா ஒருத்திதான்.

கீழே இரண்டே பெடல். கவுடரின் இடது கால் முப்பது வருஷப் பழக்கத்தில் கிளட்சைத் தேடிற்று. அகப்பட்டது பிரேக். அதையே கிளட்ச் என்று நினைத்து அழுத்திக்கொண்டு, வலது காலால் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தார். கார் கர்ஜித்தது. சேற்றில் நிற்கும் டிராக்டரைக் கிளப்புவதுபோல இடது காலை வெடுக்கென்று எடுத்தார்.

அவ்வளவுதான்! பந்தயத்தில் பாய்வதற்கென்றே செய்த கார், பாய்ந்தது. எதிரே இருந்த தீபக் கம்பம், கவுடரின் கொள்ளுத் தாத்தாவுக்கும் முன்னால் நட்ட கல், இரண்டு துண்டாகச் சாய்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியதா என்று யார் பார்த்தார்கள்?

வெடித்து விரிந்த ஏர்பேக்கின் மாவுத்தூள் முகமெல்லாம் அப்பியிருக்க, கவுடர் தவழ்ந்து வெளியே வந்தார். உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் குழந்தை மாதிரி அழுதார்.

"கெம்பி... போச்சுடி! இன்னும் பத்து நாள்ல தேரு... கம்பத்தச் சாய்ச்சவன் கையில வடத்தக் குடுப்பாங்களா..."

அந்த வருஷம்தான் முதல் முறையாகத் தேர்வடத்தைத் தொட்டு இழுக்கும் முதல் மரியாதை கவுடர் வீட்டுக்கு வந்திருந்தது. அவருடைய அப்பா சாகும்வரை கேட்டும் கொடுக்காத மரியாதை. ஒவ்வொரு தேருக்கும் அந்த மனுஷன் இதே கம்பத்தில் சாய்ந்து நின்று, அடுத்த வீட்டார் வடம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீடு திரும்புவார். மாமனாருக்குச் சோறு போட்டவள் கெம்பம்மா. அந்த மௌனம் அவளுக்குத் தெரியும்.

உள்ளே மணிச்சத்தம் நின்றது. பூசாரி ஓடிவரும் காலடி கேட்டது. கெம்பம்மா முந்தானையால் புருஷன் முகத்து மாவைத் துடைத்துத் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் சாமி... ஆசைப்பட்டுத் தொட்டுட்டேன்..."

கவுடர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

அப்புறம் ஊருக்கு வேறு பேச்சே இல்லை. பால் டிப்போவில், மாவு மில்லில், எல்லா இடத்திலும் கெம்பம்மாதான். சவுடம்மா ராகி முத்தேக் களி கிளறும்போதுகூடக் கரண்டியை ஓங்கி ஓங்கித் திட்டினாள். "எங்கப்பன் கும்பிட்ட கம்பத்தச் சாய்ச்சுட்டியேடி பாவி! ராசா வண்டியில உனக்கென்னடி வேல?" பெங்களூரில் படிக்கிற மகள் ஸ்பந்தனா போனில் அழுதாள். "ஏம்மா இப்படிப் பண்ணுன? ஹாஸ்டல்ல எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா!"

கெம்பம்மா எல்லாவற்றையும் விழுங்கினாள். விழுங்க முடியாதது ஒன்று வந்தது.

பத்தொன்பது வருஷமாகப் பதினோரு வீட்டு ரோஜாவைத் தன் பிக்கப் வண்டியில் சந்தைக்குக் கொண்டுபோகிறவள் அவள். வளையலை விற்று வாங்கிய வண்டி. ஒரு கீறல் கிடையாது. பூக்காரப் பெண்கள் கூடைமேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருவார்கள், அத்தனை நம்பிக்கை. கம்பம் சாய்ந்த மறுநாள் விடியற்காலையில் ஆணியில் சாவி இல்லை.

"நான்தான் எடுத்து வச்சேன்" என்றார் கவுடர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நீ பாட்டுக்கு வண்டி ஓட்டிட்டிருந்தா ஊரு என்ன நெனைக்கும்? கொஞ்ச நாளைக்கு... அடங்கட்டும்."

பெண்கள் வாடகை வேன் பேசினார்கள். அவன் எட்டு மணிக்கு வந்தான். பூ வாடிற்று. கெம்பம்மா வாசலில் நிற்பாள், உள்ளே போவாள், மறுபடி வாசலுக்கு வருவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

தேர் நாள் காலையில் கோயில் வாசலில் எள் போட இடமில்லை. முறிந்த கம்பத்துக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். கவுடர் மாலையும் தலைப்பாகையுமாக வடத்தைப் பிடித்து நின்றார். தேர்க் கமிட்டித் தலைவர் பைரண்ணா கெம்பம்மாவை முன்னால் கூப்பிட்டார்.

"தப்புக்காணிக்க எல்லாம் வேணாம்மா. 'கம்பத்த நான்தான் சாய்ச்சேன், இனிமே எந்த வண்டியும் தொட மாட்டேன்'னு ஆஞ்சநேயன் முன்னாடி சொல்லி, கற்பூரத்த அணைச்சிடுங்க. அப்புறம் தேர் நகரும்."

தட்டில் கற்பூரம் எரிந்தது. கெம்பம்மா தட்டருகே வந்து நின்றாள்.

"வண்டி தொட மாட்டேன்னு சத்தியம் பண்றேங்க..."

"முதல்ல சொன்னது?"

"அது... அது மட்டும் வேணாங்க."

"ஏன் வேணாம்? சொல்லித் தொலையேன்டி!" சவுடம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "இடிக்கத் தெரிஞ்சுது, சொல்லத் தெரியலியா?"

கெம்பம்மா கண்ணை மூடிக்கொண்டு தீக்கு மேலே கையைக் கொண்டுபோனாள்.

"அவள வுட்டுருங்க!"

வடம் தரையில் விழுந்தது. கவுடர் தலைப்பாகை அவிழ ஓடிவந்து மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவ இல்ல... நான்! நான்தான்யா! எடது கால கிளட்ச்சுன்னு நெனச்சு பிரேக்குல வச்சேன்... வலது கால்ல முழுசா மிதிச்சேன்... எடது கால எடுத்தேன்..." நடுக்கூட்டத்தில் நின்று காலை மாற்றி மாற்றி மிதித்துக் காட்டினார். டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு உடனே புரிந்துபோயிற்று. "அட ராமா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், "கவுடரே, கலப்பைய மாட்டிருந்தா கோயில் நெலத்தயும் உழுதிருக்கலாமே!" என்றான். சிரிப்பு எழுந்து, கவுடர் அழுவதைக் கண்டு அடங்கியது.

"வடம் எனக்கு வேணாம் பைரண்ணா" என்றார்.

அந்த மரியாதை அந்த வருஷம் வேறு வீட்டுக்குப் போயிற்று.

கவுடர் இடுப்பு முடிச்சிலிருந்து பிக்கப் சாவியை எடுத்து நீட்டினார். "மன்னிச்சிரு கெம்பி..."

அதுவரை அழாத கெம்பம்மாவின் குரல் உடைந்தது.

"மாமனாரு ஆச எனக்குத் தெரியாதாங்க? அதனாலதானே போய் உக்காந்தேன். பழிய நானே எடுத்துக்கிட்டேன். ஆனா சாவிய நான் குடுக்கலியேங்க... அத எப்படிங்க எடுத்தீங்க?"

கவுடர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தேருக்கு வரவேண்டிய ரோஜா இன்னும் தோட்டத்து வரப்பிலேயே கிடந்தது. வாடகை வேன் வழக்கம்போலக் காணவில்லை. "கெம்பக்கா, பூவு!" என்று பெண்கள் கத்தினார்கள். கெம்பம்மா வீட்டுக்கு நடந்தாள். அவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். வண்டியைக் கிளப்பியதும் கவுடர் தயங்கித் தயங்கி வந்தார்.

"நானும் முன்னாடி உக்காந்துக்கட்டா?"

"பின்னாடி கூடையோட ஏறிக்குங்க. முன்னாடி அக்கா இருக்காங்க."

சவுடம்மா அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்து, கண் வீங்கி, வார்த்தை வராமல் கெம்பம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "என் வாயில புழு விழ... பத்து நாளு... பத்து நாளு உன்ன என்னென்ன பேசுனேன்டி என் தாயி!" கெம்பம்மாவின் இடது கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள்.

கெம்பம்மாவுக்கும் கண்ணீர் முட்டியது. ஆனால் ரோஜா காத்திருக்குமா?

"அக்கா... கைய விடுங்கக்கா. கியர் போடணும்."