இன்ஹேயின் செல்களுக்குச் சோறு

மூன்றாவது கிண்ணச் சோறும் உள்ளே போன பிறகுதான் ஏதோ சரியில்லை என்று இன்ஹேவுக்குப் பட்டது. வயிறு முட்டி மூச்சு வாங்குகிறது, ஆனாலும் பசிக்கிறது. அதுவும் வயிற்றில் அல்ல. தோலுக்கடியில், உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை, பொடிப்பொடியாக எல்லா இடத்திலும் பசித்தது.

சூசொக், கொரியாவின் அறுவடைப் பண்டிகை. முன்னோர் படையல் முடிந்த மொக்போ ஊர்ப் பெற்றோர் வீட்டில் எள்ளெண்ணெயும் பைன் இலை போட்டு அவித்த அரிசிக் கொழுக்கட்டையும் மணந்தன, அடுப்பில் சேப்பங்கிழங்கு சூப் தளதளவென்று கொதித்தது, கூடத்தில் அப்பா டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி? அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டில சோறு போட மாட்டாங்களா?" அம்மா சிரித்தபடி நான்காவது கிண்ணத்தை நகர்த்தினாள்.

சோறு என்றதும் சுருக்கென்றது. தேஜோன் நகரில் அவள் பிஎச்டி செய்யும் லேப்பில், தட்டில் வளரும் உயிரணுக்களுக்கு இரண்டு நாளுக்கொருமுறை புதிய சிவப்புத் திரவம் ஊற்றுவதைச் 'செல்லுக்குச் சோறு வைப்பது' என்பார்கள். பண்டிகையாவது ஒன்றாவது, யாராவது வைத்தே ஆகவேண்டும். இம்முறை சீட்டு லேப் சீனியர் கிசொக் அண்ணனுக்கு விழுந்தது. இன்ஹேயின் தட்டில் இருப்பவை இன்ஹேயுடையவையே. நோயில்லாத ஒருவரின் தோல் தேவைப்பட்டது. வெளியே தேடினால் அனுமதிக்கே ஆறு மாதம் ஆகும் என்று பேராசிரியர் சலித்துக்கொள்ள, மார்ச்சில் இவளே இடது கையில் எள்ளளவு வெட்டிக் கொடுத்தாள். ஆய்வேடே அதை நம்பித்தான் நிற்கிறது. பைத்தியக்காரிக்குப் பெருமை வேறு.

பால்கனிக்கு வந்து போன் போட்டாள்.

"அண்ணா, என் தட்டுக்குச் சோறு வெச்சீங்களா?"

"அடடா! நேத்தே வெச்சிருக்கணும். குடிச்சிட்டுத் தூங்கிட்டேன்மா. பாவம், தண்ணி மஞ்சளாகிப் போச்சு. இரு, இப்பவே ஊத்துறேன்."

போனில் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம். பழைய திரவத்தை உறிஞ்சும் குழாயின் நீண்ட இழுப்பு. அந்த நொடியில் இன்ஹேயின் வாய் வறண்டது, இமை கண்ணில் மணலாக உரசியது. பிறகு வெதுவெதுப்பாக ஏதோ உடம்பெல்லாம் பரவி, பசி அடங்கியது. அவள் எதையும் விழுங்கவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியொரு பயத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை.

"உன்னை மாதிரியே நல்லாச் சாப்பிடுறாளுங்க," என்றான் கிசொக். "மத்தியானம் எல்லாத்தையும் உறையவெச்சு எடுத்து வெக்கச் சொல்லிட்டாரு சார்."

"வேணாம்ணா! அதுல நான் இருக்கேன்!"

"நீதான இருக்க, வேற யாரு இருப்பா?" சிரித்தான். "சார் சொன்னதுக்கு மேல நான் என்னம்மா பண்ண முடியும்?"

பேராசிரியரின் போன் அணைந்திருந்தது. பண்டிகை ரயில் டிக்கெட் ஒரு மாதம் முன்பே தீர்ந்துவிட்டது. சாலையில் போனால் நெரிசலில் ஏழு மணி நேரம். கிசொக்கிற்குப் பதினோரு முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு விரல்நுனிகள் மரத்தன. கொதிக்கும் சூப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆவி முகத்தில் பட்டது. சூடு படவில்லை.

போன் அடித்தது.

"எல்லாம் போட்டாச்சு. நிமிஷத்துக்கு ஒரு டிகிரியா குறையுற டப்பாவுல வெச்சிருக்கேன். வேகமா உறைஞ்சாதான் சாகும். கவலைப்படாத, ஒன்னுகூட சாகாது. இருபது வருஷம் அப்படியே இருக்கும்."

வெளிய எடுங்கண்ணா. சொல்ல முயன்றாள். நாக்கு எழவில்லை.

விரல்கள் விரியவில்லை. மூச்சு வெள்ளையாக வந்தது. பிறகு வரவில்லை. கண் பார்த்தது. காது கேட்டது. டிவியில் கைதட்டல்.

"இன்ஹே? சாப்பிட்ட மயக்கமாடி?"

பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு அம்மா வந்தாள். குனிந்தாள். கன்னத்தைத் தொட்டாள்.

கை ஒட்டிக்கொண்டது.

அம்மா இழுத்தாள். வரவில்லை. அலறிக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பித்தது. மூட முடியாத கண்களால் இன்ஹே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.