காலி நாற்காலியின் நிறைமையம்

புள்ளி இருக்கைக்கு அடியில்தான் வந்திருக்க வேண்டும். திரையில் அது இருக்கைக்கு மேலே, ஒன்றுமில்லாத வெளியில் நின்றது.

அவள் இயந்திரங்கள் வரையும் டிசைனர். தொழிற்சாலைக்காக எத்தனையோ வரைந்திருக்கிறாள். இந்தச் சக்கர நாற்காலியை மட்டும் தன் மகளுக்காக வரைந்தாள். முதுகு நிற்காத பிள்ளை. 'அணிலு' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டது. அதன்பின் அடுத்த அறையில் சும்மா கிடந்த நாற்காலியைப் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி மையத்தில் பழக்கமான இன்னொரு தாய் தன் மகனுக்குக் கேட்டிருந்தாள். அவன் சற்று வளர்ந்தவன். பின்சக்கரங்களை இன்னும் பின்னால் தள்ளி வைக்காவிட்டால் நாற்காலி மல்லாந்துவிடும். எவ்வளவு தள்ளுவது என்று கணக்குப் பார்க்க, இருக்கை, சாய்வுப் பலகை, சட்டம் ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் எடை எந்த இடத்தில் மையம் கொள்கிறது என்று கணினியைக் கேட்டாள். அது காட்டிய புள்ளிதான் இது.

வரைபடத்தில் முன்பு அணிலுவின் அளவில் ஒரு பொம்மை உருவமும் இருந்தது. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்றே அவள் அதை அழித்துவிட்டாள். எங்காவது ஒளிந்திருக்கிறதோ என்று தேடினாள். இல்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த ஈரக் காற்றில், எப்போதோ துடைத்தெடுத்துவிட்ட இருமல் மருந்தின் இனிப்பு வாசனை கலந்து, அடுத்த அறைப் பக்கமிருந்து மெல்ல மெல்ல அவள் மேசைவரை வந்து தங்கியது. திரையில் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, ஒரே ஒரு திருகாணியை மட்டும் தேர்ந்தெடுத்தாள்.

புள்ளி அதே இடத்தில். ஒரு குழந்தையின் நெஞ்சு இருக்கும் உயரத்தில். கொஞ்சம் வலப்பக்கம் சரிந்து.

எடையைப் பார்த்தாள். திருகாணிக்கு அவ்வளவு எடை கிடையாது. அந்த எடையை அவள் இடுப்பு அறியும்.

புள்ளி லேசாக உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. அடுத்த அறையில் சளி கரகரக்கும் மூச்சு.

கதவு திறந்து கணவன் உள்ளே வந்தான். குடையை மூலையில் சாத்தினான்.

"காலையில வண்டி வந்துரும். நாற்காலிய இப்பவே வாசல்கிட்ட வெச்சிடறேன்."

"வேண்டாங்க. இன்னிக்கு இருக்கட்டும்."

"எத்தனை நாள்தான் அதையே பார்த்துட்டு இருப்ப? என்னாலயும் முடியலம்மா." தலையைக் குனிந்தபடி அடுத்த அறைக்குள் போனான்.

சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை.

"என்ன இது... இந்தக் கனம் கனக்குது." அவன் குரல் பாதியில் தேய்ந்தது.

அவள் வாய் தன்னால் பேசியது. "வலது பக்கம் சாய்வா. கழுத்துக்கு அடியில கை குடுத்துத் தூக்குங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற அவளுக்கு மனம் வரவில்லை.

திரையில் புள்ளி எழும்பியது. நாற்காலியை விட்டு விலகியது. காணவில்லை.

காலடி. கனமான காலடி.

அவன் அறை வாசலில் நின்றான். இரு கைகளும் நெஞ்சோடு வளைந்திருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. முன்கை நரம்புகள் புடைத்திருந்தன. கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

"தூக்கிட்டேன்," என்றான். "இப்ப எங்க படுக்க வைக்கிறது?"

அவன் காலர் மெல்லக் கசங்கியது, யாரோ பிடித்து இழுப்பதுபோல. தோள் துணியில் ஓர் ஈரம். தூங்கும் பிள்ளையின் வாயிலிருந்து வழிவதுபோல் அது அகன்றுகொண்டே போனது.