ரெஜி கேட்ட மூன்று கேள்விகள்

செல்போன் அலறியது.

உஸ்மா எடுக்கவில்லை. பதினோராவது அத்தியாயத்தில் ஒரு தொழிலதிபரைத் தீர்த்துக்கட்டிக் கொண்டிருந்தாள்!

மறுபடியும் அலறியது.

"ரைட்டர் உஸ்மா மேடமா? நான் இன்ஸ்பெக்டர் தண்டபாணி. காலைல எண்ணூர் முகத்துவாரத்துல ஒரு பாடி ஒதுங்குச்சு. லேடி... முப்பது வயசு இருக்கும்."

"அதுக்கு எனக்கு எதுக்கு ஸார் போன்?"

"'கதைக்கு ஒரு கேள்வி'ன்னு வாட்ஸப் குரூப் நடத்துறது நீங்கதானே? அதுல ரெஜின்னு ஒரு மெம்பர்..."

"ஆமா..."

"உடனே ஸ்டேஷனுக்கு வாங்க."

லைன் துண்டிக்கப்பட்டது.

உஸ்மா எழுதியதை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள். நாலு வருஷமாக நடத்துகிற குரூப் அது. புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்பார்கள். சயனைடு கசக்குமா? லாக்கப்பில் ஃபேன் உண்டா? கொலைகாரனை முதல் பக்கத்திலேயே காட்டலாமா? கல்மண்டபத்து மாடி வீட்டிலிருந்து உஸ்மா பதில் சொல்வாள். அறுபது க்ரைம் நாவல் எழுதிய கை... சும்மாவா!

ஆட்டோ, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி நின்றது. உஸ்மா ரெஜியின் மெசேஜ்களைத் தேடினாள்.

'கதைக்கு ஒரு கேள்வி மேடம். புருஷன் பொண்டாட்டியைப் படகிலிருந்து தள்ளிவிட்டால் போஸ்ட்மார்ட்டத்தில் தெரியுமா?'

கீழே உஸ்மாவின் பதில். 'மூழ்கி இறந்தது தெரியும். விழுந்தாளா, தள்ளினானா... உடம்பு சொல்லாது.'

ஒரு வாரம் கழித்து அடுத்தது.

'கதைக்கு ஒரு கேள்வி மேடம். என்ன ஆதாரம் இருந்தால் போலீஸ் அவனைப் பிடிக்கும்?'

இதற்கு உஸ்மா பதிலே போடவில்லை. அன்றைக்கு நாவல் அனுப்ப வேண்டிய கடைசி நாள்.

மேலே படிக்காமல் போனை அணைத்தாள்.

யா அல்லாஹ்... ஒரு கொலைகாரனுக்கு டியூஷன் எடுத்திருக்கிறேன்!

ஸ்டேஷனுக்குள் ஓடினாள்.

தண்டபாணி நாற்காலியைக் காட்டினார். "செத்தது காலடிப்பேட்டை ஜார்ஜோட ஒய்ஃப். சொந்தமா ஃபைபர் போட் வச்சிருக்கான். கூட வந்தவ தவறி விழுந்துட்டான்னு சொல்றான்."

"பொய் ஸார்! ஜார்ஜ்தான் ரெஜி! பேரை மாத்தி என்கிட்டயே பிளான் கேட்டிருக்கான். முதல்ல அந்த ரெஜியைப் பிடிங்க ஸார்!"

தண்டபாணி பேனாவை மூடினார்.

"ரெஜி மார்ச்சுவரில இருக்காங்க மேடம்."

"என்... என்னது?"

"செத்தவங்க பேரு ரெஜினா. வீட்ல ரெஜின்னு கூப்பிடுவாங்க."



அப்படியானால்... அந்தக் கேள்விகள் கொல்லப்போகிறவன் கேட்டதல்ல. சாகப்போகிறவள் கேட்டது!

"மூணாவது கேள்வி ஞாபகம் இருக்கா?" தண்டபாணி ரெஜினாவின் மொபைலைத் திறந்து படித்தார். "'கதைக்கு ஒரு கேள்வி மேடம். அவன் கொல்லப்போறான்னு அவளுக்குத் தெரியும். ஆனா போக வேற இடம் இல்லை. அதனால அந்த வீட்லயே இருக்கா. இந்தக் காரணம் போதுமா?'"

உஸ்மா கண்களை மூடிக்கொண்டாள்.

"உங்க பதில் ஒரே வரி மேடம். 'போதாது. வாசகர் நம்பமாட்டார்.'"

"போன வியாழக்கிழமை..." உஸ்மாவின் குரல் உடைந்தது. "சாப்பிட்டுக்கிட்டே டைப் பண்ணேன் ஸார்."

தண்டபாணி மொபைலை மேஜைமேல் வைத்தார்.

"இதையெல்லாம் வச்சு அவனை உள்ள தள்ளுங்க ஸார்! நான் சாட்சி சொல்றேன்!"

"என்னன்னு சொல்வீங்க? மூணு தடவையும் அந்தம்மாவே கதைக்குன்னு எழுதியிருக்காங்க. டிஃபன்ஸ் வக்கீல் சிரிச்சுட்டுப் போயிடுவான். உடம்புல காயம் இல்ல. பார்த்தவங்க யாரும் இல்ல. அவங்களுக்குப் பொறந்த வீடுன்னு கேட்க ஒரு நாதியும் இல்ல." பெருமூச்சு விட்டார். "பாடியை அவன்கிட்டதான் ஒப்படைக்கணும். கையெழுத்துப் போட வந்திருக்கான்."

உஸ்மா எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வராந்தா பெஞ்சில் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். சிவந்த கண்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"நீதான் அந்த ரைட்டர் மேடமா? நான் ஜார்ஜு. ரெஜியோட வூட்டுக்காரன்."

உஸ்மா பின்வாங்கினாள்.

"அவ போன்ல உன் மெசேஜெல்லாம் ஒண்ணு வுடாம நானும் படிச்சுகினு தான் இருந்தேன் மேடம்."

அவன் டீயை உறிஞ்சினான். உதட்டைத் துடைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அந்த குரூப்புல என்னையும் சேத்துவுடேன்... என்னாண்டயும் ஒரு கதை கீது!"